சிக்ஸ்த் ஃபார்மில் சட்டம்: ஏ லெவல் பாடமாக எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் முடிவுகள் வந்ததும் என் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: "பிள்ளை லோயராக வேண்டும் என்கிறாள். ஏ லெவலில் சட்டம் எடுக்கட்டுமா?" லண்டனில் பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். இது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், ஏ லெவல் படிக்கும் பிள்ளைகளுக்கானது.

முதலில், எதற்காக எடுக்கிறீர்கள்?

பல வீடுகளில் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க ஏ லெவலில் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு சட்டப் படிப்புக்கு மூன்று ஏ கேட்கிறது, கேம்பிரிட்ஜ் ஒரு ஏ ஸ்டாரும் இரண்டு ஏயும் கேட்கிறது. அந்த மூன்றில் ஒன்று சட்டமாக இருக்க வேண்டும் என்று இரண்டுமே சொல்வதில்லை. வரலாறு, கணிதம், வேதியியல் படித்துவிட்டுச் சட்டத் துறைக்குப் போய் நன்றாக வந்தவர்கள் ஏராளம்.

அப்படியானால் ஏன் எடுக்க வேண்டும்? பிடித்திருந்தால் எடுக்க வேண்டும். வேறு காரணம் தேவையில்லை. பிடிக்குமா என்று எப்படித் தெரியும்? பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "தன் சொந்தப் பொருளையே ஒருவன் திருட முடியுமா?" "அதெப்படி முடியும்!" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் திரும்பினால் யோசியுங்கள். "இருங்க, அடகு வைத்த பொருளாக இருந்தால்?" என்று இழுக்கத் தொடங்கினால் தாராளமாக எடுக்கலாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

கூட எடுக்கும் பாடங்களில் ஒன்றாவது நீளமாக எழுத வைக்கும் பாடமாக இருப்பது நல்லது. வரலாறோ ஆங்கில இலக்கியமோ சட்டத்துக்கு நல்ல துணை. கணிதமும் சட்டமும் சேர்ந்தால் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்பதில்லை. படிப்படியாக நிறுவிக் காட்டப் பழகிய மாணவர்கள் இந்தப் பாடத்தில் மிக நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தேர்வு வாரியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

ஏ லெவல் சட்டத்தை இங்கிலாந்தில் ஏகியூஏ, ஓசிஆர், எடுகாஸ் ஆகிய மூன்று வாரியங்களும் வேல்ஸில் டபிள்யூஜேஇசியும் நடத்துகின்றன. எது என்று உங்கள் கல்லூரிதான் தீர்மானிக்கும். ஆனால் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மாணவன் ஒருவன் மலிவாகக் கிடைத்ததே என்று பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி, அரைப் பருவம் முழுக்க அதிலேயே குறிப்பெடுத்தான். அது வேறு வாரியத்தின் புத்தகம். சட்டம் ஒன்றுதான், ஆனால் கேள்வி கேட்கும் விதமும் பாடப்பகுதிகளைப் பிரித்திருக்கும் விதமும் வேறு. பாதி உழைப்பு வீணாயிற்று.

ஏகியூஏவை எடுத்துக்கொண்டால் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 100 மதிப்பெண். முதலாவதில் குற்றவியல் சட்டம். இரண்டாவதில் டோர்ட், அதாவது ஒருவரின் கவனக்குறைவு போன்ற தவறுகளால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம். மூன்றாவதில் ஒப்பந்தச் சட்டம் அல்லது மனித உரிமைச் சட்டம். இந்த இரண்டில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் கல்லூரியில் கேளுங்கள். நீதிமன்றங்கள், ஜூரி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் முறை, முன் தீர்ப்புகள் பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் விதம் போன்றவையும் தாள்களுக்குள்ளேயே வரும். கோர்ஸ்வொர்க் கிடையாது. எல்லாம் இரண்டாம் ஆண்டின் முடிவில் எழுதும் தேர்வில்தான்.

ஊர்ச் செய்திகளைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு ஒரு விஷயம். கொலை என்றால் நமக்கு, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 என்ற எண் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கொலைக்கு அப்படி ஒரு பிரிவு எண்ணே இல்லை. கொலை என்றால் என்ன என்று வரையறுக்கும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இங்கே கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிய வரையறையை நீதிமன்றங்கள் வழிவழியாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. இதைக் கேட்டு வியக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. நீதிபதிகள் உண்டாக்கிய சட்டம் என்றால் என்னவென்று அந்த நிமிடத்தில்தான் பலருக்கு உறைக்கிறது.

வகுப்பு தொடங்கும் முன், கோடை விடுமுறையில்

தடித்த புத்தகங்கள் வேண்டாம். அரசாங்கத்தின் சட்டத் தொகுப்பு இணையதளத்தில் பெரும்பாலான சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே போய் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தைத் திறந்து முதல் ஆறு பிரிவுகளை மட்டும் வாசியுங்கள். திருட்டு என்றால் என்ன என்பதை முதல் பிரிவு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த வாக்கியத்தில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன: நேர்மையின்றி, கையகப்படுத்துதல், சொத்து, பிறருக்கு உரியது, நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணம். அடுத்த ஐந்து பிரிவுகளும் வரிசையாக ஒவ்வொரு கண்ணியையும் விளக்குகின்றன. முதல் முறை தலை சுற்றும், அது இயல்புதான். மூன்றாம் முறை வாசிக்கும்போது அந்தக் கட்டுமானத்தின் அழகு பிடிபடும்.

அப்புறம், லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலுள்ள உச்ச நீதிமன்றம் தன் விசாரணைகளை இணையத்தில் காட்டுகிறது, தீர்ப்புகளுக்குச் சிறு சுருக்கமும் வெளியிடுகிறது. வாரம் ஒரு சுருக்கம் வாசித்தால் போதும்.

வழக்குகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் உங்கள் முன் வரும். பார்த்ததும் பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். நான் சொல்லும் முறை எளியது. ஒரு வழக்குக்கு மூன்று வரி. என்ன நடந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது, இனி வரும் வழக்குகளுக்கு அது எந்தக் கதவைத் திறக்கிறது. மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த வழக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

புரிந்ததா என்று சோதிக்க என்னிடம் இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். என் மாணவி ஒருத்தி டானஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கைத் தன் அப்பம்மாவுக்குச் சொன்னாள். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு கடை. டானஹ்யூ என்ற பெண்ணுக்கு அவர் தோழி ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுக்கிறார். போத்தல் இருண்ட கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது அவர் முறைப்பாடு. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்த அப்பம்மா நிமிர்ந்து, "சினேகிதியெல்லோ காசு குடுத்தவ? பிறகு இவ என்னெண்டு போய் நட்டஈடு கேக்கிறது?" என்றாராம்.

அந்த வழக்கின் உயிர் முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. காசு கொடுத்தது தோழி என்பதால் டானஹ்யூவுக்கு ஒப்பந்த உரிமை எதுவும் இல்லை. ஒப்பந்தமே இல்லாதவருக்குப் பொருளைத் தயாரித்தவர் பொறுப்புச் சொல்ல வேண்டுமா? 1932இல், அன்று நாட்டின் உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஆம் என்றது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எவரும் சட்டத்தின் கண்ணில் நம் அயலவர், அவருக்குத் தீங்கு வராமல் கவனமாக இருக்க வேண்டும் என்றார் அட்கின் பிரபு. இன்றைய கவனக்குறைவுச் சட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் கடைசிவரை தீர்மானிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த வாரம் அந்த மாணவி எழுதிய விடையில் ஒப்பந்தம் ஏன் உதவவில்லை என்ற பத்தி வகுப்பிலேயே தெளிவாக இருந்தது.

சூழ்நிலைக் கேள்வி: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

இந்தப் பாடத்தில் மதிப்பெண் மூன்று விஷயங்களுக்கு: சட்டம் தெரிகிறதா, அதைக் கொடுத்த சூழ்நிலைக்குப் பொருத்தத் தெரிகிறதா, அதை எடைபோட்டு விமர்சிக்கத் தெரிகிறதா. நம் பிள்ளைகள் முதலாவதில் கெட்டிக்காரர்கள். இரவிரவாக மனப்பாடம் செய்து, தெரிந்ததையெல்லாம் தாளில் கொட்டிவிடுவார்கள். ஆனால் மதிப்பெண் நழுவுவது இரண்டாவதில்தான். ஆகவே முதல் மாதத்திலிருந்தே வாரம் ஒரு சூழ்நிலைக் கேள்வியாவது எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? தொடக்கத்தில் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

கதிர் தன் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறான். வேலை முடிந்துவிட்டது, கூலி 80 பவுண்டு. கடைக்காரர் சைக்கிளைப் பூட்டி வாசலில் நிறுத்தியிருக்கிறார். கதிரிடம் அந்தப் பூட்டின் இன்னொரு சாவி இருக்கிறது. கடை மூடும் நேரத்தில் வந்து, யாரிடமும் சொல்லாமல், காசும் கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். இது திருட்டா?

பலர் முதல் வரியிலேயே "ஆம், திருட்டு" என்றோ "இல்லை, அவனுடைய சைக்கிள்தானே" என்றோ தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து கண்ணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கவும் வேண்டாம். சைக்கிள் சொத்துதான் என்பதற்கு 4ஆம் பிரிவைக் காட்டி ஒரு வரி போதும். உரிமையாளருக்குள்ள உரிமைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே கையகப்படுத்துதல் ஆகிவிடும் என்று மாரிஸ் வழக்கு (1984) சொல்கிறது. அங்கே கடைப் பொருளின் விலைச்சீட்டை மாற்றி ஒட்டினார்கள், இங்கே கதிர் வண்டியையே கொண்டுபோய்விட்டான். இதுவும் இரண்டு வரிதான்.

சிக்கல் எங்கே? "பிறருக்கு உரியது" என்ற இடத்தில். இங்கே நிதானமாக நில்லுங்கள். 5ஆம் பிரிவின்படி, ஒரு பொருளைத் தன் கைவசமோ கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் எவருக்கும் அது "உரியது". டர்னர் வழக்கில் (1971) ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்த தன் சொந்தக் காரையே, காசு கொடுக்காமல், கராஜுக்கு வெளியே நின்ற இடத்திலிருந்து இன்னொரு சாவி போட்டு எடுத்துப் போனார். திருட்டு என்றது நீதிமன்றம். கதிருக்கும் அதேதான்: சைக்கிள் அன்று மாலை கடைக்காரரின் கட்டுப்பாட்டில் இருந்தது.

அடுத்த சிக்கல் நேர்மையின்மை. தனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்று கதிர் உண்மையாகவே நம்பியிருந்தால் 2ஆம் பிரிவு அவனைக் காப்பாற்றலாம். ஆனால் அவன் கடை மூடும் நேரம் பார்த்து வந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. கேள்வித்தாளில் கிடக்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன விவரங்களைப் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்துவதுதான் பொருத்துதல். பிறகு ஐவி வழக்கின் (2017) சோதனை. சூதாட்ட வீரர் ஃபில் ஐவி, தான் வென்ற 7.7 மில்லியன் பவுண்டைத் தர மறுத்த கசினோமீது தொடுத்த வழக்கு அது. அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன நம்பினார் என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு சாதாரண நேர்மையான மனிதர்களின் அளவுகோலில் அந்தச் செயல் நேர்மையானதா என்று கேட்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது சிவில் வழக்கு என்பதால் குற்றவியலுக்கும் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. செல்லும் என்று 2020இல் பார்ட்டன், பூத் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இதை ஒரு வரியில் சேர்த்தால், முன் தீர்ப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று திருத்துபவருக்குப் புரியும்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் கதிருக்கு இல்லை, எனவே ஐந்தாவது கண்ணியும் சரி. இப்போது தீர்ப்பு எழுதுங்கள்: பெரும்பாலும் திருட்டு, அவன் வாதாடினால் நேர்மையின்மை பற்றித்தான் வாதாட முடியும். இந்த முடிவுக்கு மட்டும் கிடைப்பது சொற்ப மதிப்பெண்தான். அங்கே வந்து சேர்ந்த வழிக்குத்தான் மற்றதெல்லாம்.

எழுதி முடித்த பிறகு கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். கதிர் சைக்கிளைத் தொடாமல் கடைக்காரரின் கணக்கு நோட்டை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனால்? ஆக்ஸ்ஃபோர்டு எதிர் மாஸ் வழக்கில் (1979) லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுத்தாளின் அச்சுப்படியை எடுத்து, வாசித்துவிட்டுத் திருப்பி வைக்கப் பார்த்தார். தகவல் "சொத்து" ஆகாது, ஆகவே திருட்டு இல்லை என்று தீர்ப்பு வந்தது. வகுப்பில் இதற்கு எப்போதும் கைதட்டல்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. தமிழில் யோசிக்கலாம், தமிழில் பேசிப் பழகலாம், ஆனால் சட்டத்தின் ஆங்கிலச் சொற்களை அப்படியே பாடம் செய்யுங்கள். 'அப்ரோப்ரியேஷன்' (கையகப்படுத்துதல்) என்பதற்குப் பதிலாக 'டேக்கிங்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

விமர்சனக் கட்டுரை

ஒரு சட்டம் நல்லதா, திருத்த வேண்டுமா என்று கேட்பார்கள். நல்ல பயிற்சிக் களம் 1861ஆம் ஆண்டின் ஆட்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டம். விக்டோரியா காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடுமை ஏற ஏறப் பிரிவு எண் 47, 20, 18 என்று இறங்குகிறது. 47க்கும் 20க்கும் உச்சத் தண்டனை ஒன்றே, 5 ஆண்டு. ஆனால் 20ஆம் பிரிவுக் குற்றம் கூடுதல் பாரதூரமானது. 18க்கு ஆயுள் வரை போகலாம். தோல் கிழிந்தால்தான் 'காயம்' என்று ஐசன்ஹோவர் வழக்கு (1984) சொல்கிறது. அந்தக் கணக்கில் தோலை முழுதாகத் துளைத்த சிறு ஊசிக்குத்தும் காயம், கண்ணுக்குள் இரத்தக் குழாய் வெடித்தால் அது காயமில்லை. இன்னொரு பக்கம், ஒரு பெண்ணின் குதிரைவால் சடையை வெட்டியதும் உடற்தீங்குதான் என்றது 2006இல் ஸ்மித் வழக்கு. அந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன், மறுத்து எழுதும் மாணவருக்கும் காரணம் இருந்தால் முழு மதிப்பெண் கொடுப்பேன். சட்ட ஆணைக்குழு 1993லும் 2015லும் திருத்தம் பரிந்துரைத்தது என்பதையும் சேருங்கள். வெறுமனே "பழைய சட்டம், மாற்ற வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. யாருக்கு, எந்த வழக்கில், என்ன அநியாயம் நடந்தது என்று காட்ட வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போங்கள்

இதற்குச் செலவில்லை, அனுமதிக் கடிதமும் வேண்டாம். உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் பொதுமக்கள் இருக்கையில் போய் உட்காரலாம். இளையோர் நீதிமன்றம் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் குற்றம், போனை அணைத்துவிடுங்கள். லண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லிக்குப் போவதென்றால் போனையும் பெரிய பைகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், அங்கே உள்ளே விடமாட்டார்கள், வைக்க இடமும் இல்லை. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை.

என்ன பார்ப்பது? மேடையில் வழக்கமாக இரண்டோ மூன்றோ மாஜிஸ்திரேட்டுகள் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் சட்டம் படிக்காத, சம்பளம் வாங்காத சாதாரண மக்கள். அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சட்ட ஆலோசகரை எப்போது திரும்பிக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் சொலிசிட்டர் இருக்கிறாரா, தனியாக நிற்கிறாரா? என் மாணவி ஒருத்தி ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, மொழிபெயர்ப்பாளர் வராததால் ஒரு வழக்கை ஒத்திவைத்ததைச் சொன்னாள். "அவருக்கு என்ன நடக்குது எண்டே விளங்கேல்ல" என்றாள். நீதியை அணுகும் வாய்ப்பு பற்றிய கேள்விக்கு அவளுக்கு அதன் பிறகு புத்தகம் தேவைப்படவில்லை. வந்தவுடன் தேதி போட்டு அரைப் பக்கம் எழுதி வையுங்கள்.

இரண்டாம் ஆண்டும் தேர்வும்

13ஆம் வகுப்புக்கு வந்ததும் முதலாம் ஆண்டுப் பாடம் மறக்கத் தொடங்கும். வாரம் ஒரு மாலையைக் குற்றவியலுக்கே ஒதுக்குங்கள். பழைய கேள்வித்தாள்களும் மதிப்பீட்டு வழிமுறைகளும் வாரியத் தளத்தில் கிடைக்கும், நேரம் வைத்து எழுதுங்கள். ஏகியூஏவில் 120 நிமிடத்துக்கு 100 மதிப்பெண், அதாவது 30 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். அதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வழக்கின் பெயர் மறந்தால் "கராஜிலிருந்து தன் காரை எடுத்த வழக்கு" என்று நடந்ததை எழுதுங்கள், அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

அதற்குப் பிறகு

பல்கலைக்கழகத்தில் சட்டம் என்றால் எல்நாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யூசிஎல், எல்எஸ்இ, கிங்ஸ், டரம் போன்றவை கேட்கின்றன. 42 பலவிடைக் கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்ட அறிவைச் சோதிப்பதில்லை, வாசித்துப் பிரித்துப் பார்க்கும் திறனைத்தான் சோதிக்கிறது. ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரு முறைதான் எழுதலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 15, எனவே 12ஆம் வகுப்பின் கோடையிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள்.

சொலிசிட்டராக 2021 முதல் எஸ்கியூஇ என்ற இரு பகுதித் தேர்வும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டருக்கு வேறு வழி: பார் பயிற்சி, 'இன்' எனப்படும் நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் சேர்வது, பிறகு பியூப்பிலேஜ் என்ற ஓராண்டு நேரடிப் பயிற்சி. நம் வீடுகளில் பேசப்படாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 18 வயதில் நேரே ஒரு சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டர் அப்ரண்டிஸாகச் சேரலாம். வழக்கமாக 6 ஆண்டு. சம்பளம் வரும், கல்விக் கட்டணம் இல்லை, கடன் இல்லை. முடிவில் அதே சொலிசிட்டர் தகுதிதான். "பல்கலைக்கழகம் போகாவிட்டால் என்ன படிப்பு" என்று தயங்கும் பெற்றோர்கள் ஒரு முறை அதன் விவரங்களை உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, நிறுவனத்துக்கு நிறுவனம் கடைசி நாளும் மாறும். ஆகவே 13ஆம் வகுப்பு தொடங்கியதுமே தேடத் தொடங்குங்கள்.

யூகாஸில் தன்னைப் பற்றி எழுதும் பகுதி 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, உங்கள் படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவதுக்கு எழுத உட்காரும்போது, நீதிமன்றத்திலிருந்து வந்து தேதி போட்டு எழுதிய அந்த அரைப் பக்கங்களை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.